கடிகாரப் பிள்ளையின் ஒருசந்தி

வினோலியாவின் நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி மாற்ற வேண்டாம். ஒரே குறை, அதில் மணி பார்க்க முடியாது.

"மணி காட்டாத கடிகாரத்த எதுக்குடி சுமந்துக்கிட்டுத் திரியிற" என்று அக்கா டெய்சி கேட்பாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தும் கொள்வாள்.

சின்ன வயதில் வந்த தொண்டை வலி மூட்டு வலியாகி, காய்ச்சலாகி, கடைசியில் இதயத்துக்குள் புகுந்து ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் மதுரையில் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அதன் கதவுகள் ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்று மூடின. சத்தம் சட்டைக்கு வெளியே கேட்டது. அமைதியான இடமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டது.

உயிர் பிழைத்ததே பெரிது என்று ஊரே சொன்னது. வினோலியாவும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தாள். பிறகு பதினாறு வயது வந்தது. பதினாறு வயதில் உயிர் பிழைத்தது ஞாபகம் இருப்பதில்லை, மானம் போனதுதான் ஞாபகம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர், "யாருடி பெரிய வாட்ச் கட்டிட்டு வந்தது, கழட்டி முன்னால வை" என்றார். யாரும் அசையவில்லை. டீச்சர் வரிசை வரிசையாகக் காதைத் தீட்டிக்கொண்டு வந்து, வினோலியாவின் பெஞ்சுக்கு அருகில் நின்று, அவள் வெறும் மணிக்கட்டைப் பார்த்து, பிறகு அவள் முகத்தைப் பார்த்து, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் தடவலில்தான் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவள் பெயர் கடிகாரப் பிள்ளை.

கோயிலில் இன்னும் மோசம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கும். ஒவ்வொரு நிலையிலும் எல்லோரும் முழந்தாளிட்டு மௌனமாக இருக்க வேண்டும். போன வருடம் அந்த மௌனத்தில் டிக், டிக் என்று கேட்க, முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடவில்லை போலிருக்கிறது. குழப்பத்துடன் இரண்டு தட்டுத் தட்டினார். ஆண்டவர் மூன்றாம் முறை கீழே விழுந்த இடத்தில், டெய்சி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஆகவே இந்த வருடத் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு முழந்தாளிட்டு, வினோலியா ஒரு வேண்டுதல் வைத்தாள். ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை தொடமாட்டேன், இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடும். நோய் தீர வேண்டும், நல்ல மார்க் வர வேண்டும், உலகம் சமாதானமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவோ கேட்டிருக்கலாம். அவள் கேட்டது 'சைலன்ஸ்'.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் அவளுக்கு ஒருசந்தி விரதம் இருக்க அனுமதி இல்லை. அம்மா ரோசலின் மற்ற எல்லோரையும் தவக்காலத்தில் பருப்பும் ரசமுமாகக் காயப்போடுவாள். வினோலியாவுக்கு மட்டும் தனியாக முட்டை அவியும், அயிரை மீன் குழம்பு கொதிக்கும்.

"நெஞ்சத் தொறந்து மூடுன பிள்ளைக்கு ஒருசந்தி கெடையாது. கோயில் சாமியார்ட்டயே கேட்டுட்டேன்."

"சாமியார் என்னம்மா சொன்னாரு?"

"நான் கேட்ட மாதிரிக்கு அவரு வேற என்னத்தச் சொல்லுவாரு?"

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இரண்டு முட்டை முறைத்துக்கொண்டு கிடக்கும். அதற்கு வழி பக்கத்து இருக்கையிலேயே இருந்தது. நாகஜோதி தாடிக்கொம்புப் பக்கம் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவர்கள் தோட்டத்தில் வரிசையாக முருங்கை. காய் ஓய்ந்து கொழுந்து விடுகிற காலமாதலால் அவள் டப்பாவில் தினமும் முருங்கைக்கீரைப் பொரியல், கீரைக்கூட்டு, அல்லது இரண்டும்.

"ஆடு திங்கிறத எல்லாம் எனக்குக் கட்டிக் குடுக்குது எங்கம்மா" என்றாள் நாகஜோதி. "ஆட்டுக்காவது மத்தியானம் வேற வெஞ்சனம் கெடைக்கும் புள்ள."

டப்பா கை மாறியது. நாகஜோதி முட்டையைப் பார்த்துக் கண் கலங்காத குறை. வினோலியா கீரையைத் தின்றுவிட்டு, புனிதையாகிக்கொண்டு வருகிறோம் என்கிற நினைப்பில் தண்ணீர் குடித்தாள். மறுநாளும் மாறியது. அதற்கு மறுநாளும். தவக்காலம் முழுக்க இதுதான் என்று பேச்சு.

கீரை விஷயத்தில் மதுரை டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். கீரையில் இருக்கும் சத்து அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். "கீரையே ஆகாதுன்னு இல்லம்மா. எப்பவும் ஒரே அளவா சாப்பிடணும். திடீர்னு கூட்டக்கூடாது." அம்மா அதைக் கேட்டு, வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு கரண்டி கீரை என்று சட்டம் போட்டு இரண்டு வருடமாக நடத்திவந்தாள். வினோலியாவுக்கும் அந்த வார்த்தை ஞாபகம் இருக்கத்தான் செய்தது. தினமும் ஒரு டப்பா, ஒரே அளவு. டாக்டர் சொன்னதை மீறவே இல்லை என்று அவள் தனக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டாள். பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்த மூளை அது.

அந்த மூளைதான் அப்போது வேறொரு பெரிய காரியத்தில் இருந்தது. மார்ச் மாதம் மாவட்ட அளவில் அறிவியல் கண்காட்சி. கெமிஸ்ட்ரி மிஸ் தலைப்புக் கேட்டபோது எல்லோரும் மழைநீர் சேகரிப்பு, சோலார் அடுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். வினோலியா எழுந்து, "நைட்ரிக் ஆக்சைடு வெளியிடும் பாலிமர் பூச்சு, மிஸ்" என்றாள். மிஸ் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

அது பிரௌசிங் சென்டரில் கிடைத்த புதையல். டெய்சி மெயில் பார்க்கப் போகும்போது கூடவே போய், மாத்திரை இல்லாமல் வாழ வழி உண்டா என்று தேடியபோது கண்ணில் பட்டது. விஷயம் எளிமையானதுதான். நம் ரத்தக் குழாயின் உட்சுவர் துளித்துளியாக நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விட்டுக்கொண்டே இருக்கிறது. அது இருக்கும்வரை ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டுவதில்லை. உடம்புக்குள் வைக்கும் டியூபுக்கும் வால்வுக்கும் அந்த வித்தை தெரியாது. அந்நியப் பொருளைக் கண்டதும் தட்டணுக்கள் கூடி ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆகவே அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற பாலிமரை டியூபின் மேல் பூசிவிட்டால், ரத்தம் அதையும் சொந்தக் குழாய் என்று நம்பிப் பேசாமல் போய்விடும். ஆய்வுக்கூடத்தில், விலங்குகளிடம் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். வினோலியாவுக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. என்றைக்காவது ஒருநாள் தன் வால்வுக்கும் அந்தப் பூச்சு வரும், மாத்திரை டப்பாவைச் சாக்கடையில் வீசலாம்.

அப்பா மிக்கேல்ராஜ் பைபாஸ் ரோட்டில் டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருந்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற தொழில். அவரிடம் விளக்கியபோது ஆர்வமாகத்தான் கேட்டார்.

"அப்ப நாங்க செய்யிறதுதான். பழசு மேல புதுசப் பூசுறது."

"இது வாயு விடும்பா."

"வாயு விட்டா பஞ்சரு, பாப்பா."

"அந்த வாயு எங்கடி கெடைக்கும்?" என்றாள் டெய்சி.

"அது லாரிப் புகையிலகூட இருக்கு. ஆனா இது ரொம்பக் கொஞ்சமா, அளவா…"

"அப்ப திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல செத்த நேரம் நின்னுட்டு வா. மாத்திரையே வேண்டாம்."

இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு விஞ்ஞானி புறப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று வினோலியா பெருமூச்சு விட்டாள். மாடலுக்குக் கடையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் கிடைத்தன. ஒன்றின் உட்பக்கம் மைதாப் பசை தடவினாள், அது சாதாரண டியூப். இன்னொன்றில் விளக்கெண்ணெய், அது நைட்ரிக் ஆக்சைடு டியூப். கேசரிப் பவுடர் கலந்த சிவப்புத் தண்ணீரில் ஊறவைத்த ஜவ்வரிசி போட்டு இரண்டிலும் ஊற்றினால், முதல் குழாயில் ஜவ்வரிசி ஒட்டி அடைத்துக்கொள்ளும், இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஒத்திகை பார்க்கப் பார்க்க அவளுக்கே அது உண்மையான ரத்தம் போலத் தோன்ற ஆரம்பித்தது.

அந்த ஒத்திகையில் ஒரு சனிக்கிழமை போயிற்று. மாதம் ஒரு தடவை லேபில் ரத்தம் கொடுத்து, அது எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்க வேண்டிய சனிக்கிழமை அது. "கண்காட்சி முடியட்டும்மா, அடுத்த வாரம் குடுக்குறேன்" என்றாள். ரத்தம் உறைவதைப் பற்றிப் பேசத் தயாராவதற்காக, தன் ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதை ஒத்திவைத்தவள் திண்டுக்கல் மாவட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் வேண்டுதல் பலித்துவிட்டது.

நாலாவது வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில், ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட இடத்தில், எல்லோரும் முழந்தாளிட்டு நீண்ட மௌனம். வினோலியா வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், எங்கோ ஆழத்தில், துணியில் சுற்றி வைத்தாற்போல் ஒரு மெல்லிய தட்டல். அவ்வளவுதான். பெரியவர் வாட்சைத் தொடவில்லை. டெய்சி சிரிக்கவில்லை. வினோலியாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கீரையைத் தின்றே சாமியை மடக்கிவிட்டாள்.

அந்த வாரத்தில் பள்ளிக்கூட மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது. ஒருசந்தி இருந்தால் அப்படித்தான் இருக்கும், புனிதர்களுக்கெல்லாம் தலைகூடச் சுற்றியிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டிலும் ஒரு மாற்றம். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு காதிலும் விட்டு, பஞ்சை அடைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"என்னமோ காது அடைச்ச மாதிரி இருக்கு. வயசாகுதுல்ல."

அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, உதடு அசையாமல், "இனிமே நிம்மதியாத் திட்டலாம்" என்று முனகினார்.

"திட்டித்தான் பாருங்களேன்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"கேக்குதே" என்றார் அப்பா டெய்சியிடம்.

"பின்ன எதுக்கும்மா பஞ்சு?" என்றாள் டெய்சி.

"கேக்க வேண்டியது கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா புளியைக் கரைக்கப் போனாள். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. மூவருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கண்காட்சி, ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் நடந்தது. இந்தப் பக்கம் ஆணிப் படுக்கை, அந்தப் பக்கம் எரிமலை, எதிரே காற்றாலை. நடுவில் வினோலியாவும், குழாய் பிடிக்க நாகஜோதியும். கூட்டம் நன்றாக வந்தது. மதியத்துக்குமேல் நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்தார். சிவபிரகாஷ் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தார். ஹோஸை முகர்ந்து பார்த்தார்.

"இது விளக்கெண்ணெய்தானம்மா?"

"மாடல்ல விளக்கெண்ணெய் சார். நெசத்துல நைட்ரிக் ஆக்சைடு."

சிவப்புத் தண்ணீர் ஓடியது, ஜவ்வரிசி ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டி, வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்கியது. வினோலியா மேடைக்குரலில் தட்டணுக்களைப் பற்றிப் பொழிந்தாள். பூச்சிலுள்ள வாயு கொஞ்ச நாளில் தீர்ந்துவிடுகிறது, அதுதான் இப்போதைய தடை என்பதைக்கூடச் சொன்னாள். பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இந்தப் பூச்சு இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரல. இப்ப செயற்கை வால்வு வச்சிருக்கிற ஒருத்தருக்கு, அதுல ரத்தம் உறைஞ்சா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

இது அவள் மனப்பாடம் செய்து வைத்த கேள்வி. கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்.

"வால்வு மூடும் ஓசை மங்கும் சார். படியேறும்போது மூச்சு வாங்கும். கவனிக்காமல் விட்டால் வால்வின் கதவு அசையாமல் நின்றுவிடும். அல்லது கட்டி உடைந்து மூளைக்குப் போய்…"

அங்கே நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. பேராசிரியர், மறந்துவிட்டாள் என்று நினைத்து, "பக்கவாதம் வரும், அதானே? வெரி குட்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு மார்க் போட்டார். நாகஜோதி ஜவ்வரிசி அடைத்திருந்த குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வினோலியா அந்தக் குழாயைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அவளே பசை தடவி, அவளே அடைக்க வைத்த குழாய். மெதுவாகத் தாவணிக்குமேல் நெஞ்சில் கை வைத்தாள். ஹாலில் அவ்வளவு சத்தம். ஒன்றும் தெரியவில்லை.

அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எரிமலைக்கு முதல் பரிசு. அந்த நேரத்தில்கூட அதில் ஒரு வருத்தம் இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். சொன்னால் முட்டை தெரியும், கீரை தெரியும், தள்ளிப்போட்ட லேப் தெரியும், எல்லாவற்றுக்கும் மேலே வேண்டுதல் தெரியும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும். மேலும், ஒருவேளை ஹால் சத்தத்தில் பயந்துபோனதாக இருக்கலாம். ராத்திரி எல்லாம் அடங்கினதும் கேட்டுப் பார்ப்போம் என்று வைத்தாள். பரிசுக் கோப்பையை அப்பா கடைப்பையன்களுக்குக் காட்டக் கொண்டுபோனார். அம்மா காதுப் பஞ்சோடு பாயசம் வைத்தாள். வினோலியா பாயசத்தில் மிதந்த ஜவ்வரிசியைப் பார்த்துவிட்டு டம்ளரைத் தள்ளிவைத்தாள்.

எல்லாம் அடங்கியது. மின்விசிறியை நிறுத்தினாள்.

"எந்தச் சண்டாளி ஃபேன அமத்துனது" என்றாள் டெய்சி தூக்கத்தில்.

வினோலியா மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு வருடமாக இந்த இருட்டில் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு அவள் சபித்த சத்தம். இன்று தலையணையை எறிந்துவிட்டுத் தேடினாள். எங்கோ கிணற்றுக்குள் யாரோ ஈரத்துணியால் தட்டுவதுபோல் ஒன்று வந்தது. பிறகு அதுவும் வந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

"அக்கா."

"ம்."

"நான் செத்துப்போயிருவேனாக்கா?"

"காலையில சா. இப்பப் படு."

"நெசமாக்கா. சத்தம் நின்னுபோச்சு."

டெய்சி போர்வையை விலக்கினாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். வினோலியா சொல்லத் தொடங்கினாள். திருநீற்றுப் புதனில் ஆரம்பித்து, முட்டை, நாகஜோதி, கீரை, சனிக்கிழமை லேப், மாடிப்படி, பேராசிரியர் கேட்டது, இவள் ஒப்பித்தது என்று வரிசையாக எல்லாம். இருட்டில் முகம் தெரியாததால் வார்த்தை தடங்கவில்லை. நடுவில் அழுகை வந்து விக்கல் வந்தது, விக்கலில் மூச்சு வாங்கியது, மூச்சு வாங்கியதில் மறுபடி பயம் வந்தது.

டெய்சி குனிந்து தங்கையின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"நோய் போகணும்னு வேண்டியிருந்தா ஒரு நியாயம்" என்றாள், காதை எடுக்காமலே. "சத்தம் போகணும்னு வேண்டியிருக்க. சாமியும் நீ சொன்னத அப்படியே கேட்டுக்கிருச்சு பாரு." எழுந்து விளக்கைப் போட்டாள். "அம்மா. யம்மா. எந்திரிச்சு வா."

அம்மா தூங்கவில்லை. கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

டெய்சி சொன்னதில் பாதிகூட முடியவில்லை. சத்தம் கேட்கவில்லை என்ற இடத்திலேயே அம்மா இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள்.

"அப்ப எனக்குக் காது போகலையா?" என்றாள்.

இருவருக்கும் முதலில் விளங்கவில்லை. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தினமும் படுக்கப்போகுமுன் அம்மா இந்தக் கதவுக்கு வெளியே வந்து நிற்பாளாம். டிக், டிக் என்று கேட்டால்தான் போய்ப் படுப்பாளாம். ஒரு வாரமாகக் கேட்கவில்லை. மகளின் சத்தம் நின்றிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, தன் காதுதான் போய்விட்டது என்று முடிவு கட்டிப் பூண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு எண்ணெய ஊத்திருக்கேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வினோலியாவின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அடுத்த நொடி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஏங்க, இஞ்ஞாசி வீட்ல காரு நிக்கிதான்னு பாருங்க" என்று கத்தினாள்.

இஞ்ஞாசி பக்கத்துத் தெருவில் வாடகை அம்பாசிடர் ஓட்டுகிறவர். லுங்கியோடு வந்து வண்டியை எடுத்தார். வண்டி மதுரை ரோட்டைப் பிடித்தது. கார் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டி அம்மா வழிநெடுக மகளின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே வந்தாள். "இந்தா கேக்குது" என்று ஒருமுறை சொன்னாள். "அது என் வண்டிங்கம்மா" என்றார் இஞ்ஞாசி தயக்கத்தோடு.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு கதவில் ஒன்று ஏறக்குறைய அசையவே இல்லை. கட்டியைக் கரைக்கிற மருந்தை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விடப்போவதாக டாக்டர் சொன்னார். கரைந்தால் நல்லது. கரையாவிட்டால் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும். கரையும்போது துண்டு உடைந்து எங்கேயாவது போனால் அது வேறு ஆபத்து. அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். டாக்டர் வினோலியாவிடம் திரும்பினார்.

"கீரை எவ்வளவு சாப்பிட்ட?"

"தினமும் ஒரு டப்பா சார். ஒரே அளவா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருந்து இறங்கத் தொடங்கியது. வினோலியா மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து கைக்கு வரும் டியூபைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உட்பக்கம் எந்தப் பூச்சும் கிடையாது. வேண்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் இந்தத் தடவை வார்த்தையைப் பார்த்துப் போட வேண்டும் என்ற பயம் வந்தது. கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிற இடத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டு வைக்க முடியாது. நெடுநேரம் யோசித்துக் கடைசியில், சத்தம் வந்தால் போதும், கோயில் மொத்தமும் கேட்டாலும் போதும், என்று மட்டும் சொன்னாள். பதிலுக்கு எதையும் விடுவதாகச் சொல்லவில்லை. விட்டதெல்லாம் போதும்.

மறுநாள் வந்து ஸ்கேன் பார்த்த டாக்டர், கதவு கொஞ்சம் அசைகிறது என்றார். அதற்கு மறுநாள், நன்றாகத் திறக்கிறது என்றார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே அம்மா சொல்லிவிட்டிருந்தாள். விடியற்காலை கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, வினோலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "காது தெளிஞ்சிருச்சு" என்றாள்.

"சார், அந்த நைட்ரிக் ஆக்சைடு பூச்சு எப்ப வரும்?" என்று வினோலியா டாக்டரைக் கேட்டாள்.

அவருக்கு ஆச்சரியம். படித்திருக்கிறாளே என்று. "வரும்மா. ஆராய்ச்சில இருக்கு. உன் காலத்துல வரலாம். அதுவரைக்கும் மாத்திரை, மாசாமாசம் டெஸ்ட். கீரை உங்கம்மா சொன்ன செவ்வாய்க்கிழமை மட்டும்."

வார்டுக்கு மாற்றிய பிறகு நாகஜோதி அவள் அப்பாவோடு பஸ் ஏறி வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று ஒரு பாட்டம் அழுதாள்.

"என் கையாலயே கொல்லப் பாத்துட்டேன்ல."

"நீ எங்கடி கொன்ன. நான்தான் கேட்டு வாங்கித் தின்னேன்."

"எங்கம்மா தோட்டத்துல இருக்கிற மரம் பூராத்தையும் வெட்டிப்புடுவோமான்னு கேக்குது."

"வேண்டாம்னு சொல்லு. காய் விடட்டும். காய்க்கு ஒண்ணும் ஆகாது."

நாகஜோதி பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். முட்டைப் பொரியல். வீட்டில் சொல்லி, அவளே செய்ததாம். ஒருபக்கம் கருகியிருந்தது. தவக்காலம் இன்னும் முடியவில்லை. வினோலியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அன்று ராத்திரி வார்டில் விளக்கை அணைத்தார்கள். அம்மா பல நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, பேச்சாயி என்று பெயர், புரண்டு புரண்டு படுத்தாள். கடைசியில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு ஆத்தா இங்கன கடிகாரம் வச்சிருக்கிறது? டிக்கு டிக்குன்னு கண்ண மூட விடமாட்டேங்குது. எடுத்து அந்தப் பக்கம் வைய்யிங்க."

வினோலியாவுக்குப் பழைய வெட்கம் ஒருகணம் காதுவரை ஏறிவந்தது. அதை அவள் வரவிட்டாள்.

"நான்தான்க்கா" என்றாள். "எடுத்து வைக்க முடியாது. செத்த நேரத்துல பழகிரும்."